மண்டபம் வீட்டுக் குழு: தாத்தாவின் சர்க்கரைக் கணக்கு

மண்டபம் தாத்தா, காலை 6.40
சிங்கப்பூரிலிருந்து மகன் கொடுத்தனுப்பிய கருவியில் வெறும் வயிற்றில் பார்த்தேன், 9.4 என்று காட்டுகிறது, படமும் போட்டிருக்கிறேன். பழைய கருவியில் 150-க்குக் கீழே வந்ததே இல்லை. இப்படி அடியோடு இறங்கிவிட்டதே, கருப்பட்டித் தண்ணீர் குடிக்கட்டுமா?

நர்ஸ் சித்தி, 6.43
குடிக்க வேண்டாம் அப்பா. அந்தக் கருவி மில்லிமோல் கணக்கில் காட்டுகிறது. நம் மருத்துவர்கள் பார்ப்பது மில்லிகிராம் கணக்கு. 9.4-ஐ 18-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 169 வரும். சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று சொல்ல, அதில் 3.9-க்குக் கீழேயும் நம் கணக்கில் 70-க்குக் கீழேயும் வர வேண்டும். நடுக்கமோ வியர்வையோ இருக்கிறதா?

மண்டபம் தாத்தா, 6.45
இரண்டும் இல்லை. பசிதான் இருக்கிறது.

சிங்கப்பூர் மாமா, 6.52
இந்தக் கணக்கு வேறுபாடு எனக்குத் தோன்றவில்லை. அதை மாற்றும் பொத்தான் இருக்காதா?

நர்ஸ் சித்தி, 7.05
பெரும்பாலான கருவிகளில் அதை மாற்ற முடியாது அண்ணா. இன்னொன்றையும் படத்தில் கவனித்தேன்: அப்பா பார்த்தது காலை 6.35-க்கு, திரையிலோ 9.05 என்று இருக்கிறது, ஏனென்றால் கடிகாரம் இன்னும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடுகிறது. கருவியின் நினைவகத்தைப் புரட்டும் மருத்துவர் இதைக் காலை உணவுக்குப் பிந்தைய அளவு என்று நினைத்து மாத்திரையைத் தீர்மானித்தால் என்ன ஆகும்? 2020 ஏப்ரல் 1 முதல் இங்கே எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டப்படி மருந்துக்குச் சமம். இறக்குமதியானவற்றின் பெட்டியிலும் இந்திய உரிம எண் இருக்க வேண்டும். பையில் வைத்துக் கொண்டுவந்ததில் அது இருக்காது. அதனால் பழைய கருவியையே வைத்துக்கொள்ளுங்கள் அப்பா.

தொண்டி பெரியம்மா, 7.20
பழைய கருவியிலும் ஒரு சிக்கல் உண்டு. அம்மாவும் அதில்தான் பார்க்கிறார்கள். இருவர் எண்களும் பெயரில்லாமல் ஒரே வரிசையில் கிடக்கின்றன. சென்ற முறை மருத்துவர் யாருடையது என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நர்ஸ் சித்தி, 7.31
அம்மாவுக்குத் தனிக் கருவி வாங்கிவிடுவோம். குத்தும் ஊசியையோ ஊசிப் பேனாவையோ இருவரும் பகிர்ந்துகொள்ளவே கூடாது. நோட்டில் தேதி, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை எழுதிவிட்டு எண்ணை எழுதுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர் எடுக்கும் அளவையும் அதே நோட்டில் சேருங்கள். கருப்பட்டி தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் எண் பொய்யாக ஏறும். நம் ஊர்க் கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இரத்தம் வைக்கும் சோதனைப் பட்டையை எடுத்தவுடன் அதன் டப்பியை மூடிவிடுங்கள். திறந்த தேதியை மூடியின் மேலேயே எழுதுங்கள், எத்தனை நாள் தாங்கும் என்று டப்பியில் அச்சிட்டிருப்பார்கள். கருவியே தவறாகக் காட்டுகிறது என்று ஐயம் வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம்.

சிங்கப்பூர் மாமா, 7.40
நோட்டின் பக்கத்தைத் தினமும் இங்கே படமெடுத்துப் போட்டால் எல்லோரும் பார்க்கலாமே.

மண்டபம் தாத்தா, 7.44
சம்பந்தி வீட்டாரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். என் சர்க்கரையை அவர்கள் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நர்ஸாக இருக்கும் சின்னவளுக்கு மட்டும் தனியாக அனுப்புகிறேன். காலையில் போட்ட படத்தையும் எப்படி அழிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.