தடுப்பு இல்லாத ஆபீஸ் சரிவருமா?

நாகர்கோவிலில் எங்கள் ஆடிட்டர் ஆபீஸுக்குப் புது இடம் பார்த்தாச்சு. கேபின் அடிக்காமல் ஒரே ஹாலாக விட்டால் செலவு மிச்சம், காற்றும் வரும் என்கிறார் பார்ட்னர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க.

பதில்: செலவு குறையும், சரி. ஆனால் ஆட்கள் கலந்து பேசுவார்கள் என்று மட்டும் நம்பாதீங்க. 2018-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வில் ஊழியர்கள் கழுத்தில் சென்சார் மாட்டி அளந்திருக்கிறார்கள்; தடுப்பை எடுத்தபிறகு நேரில் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்து, மெயில்தான் கூடியதாம். ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வேறென்ன நடக்கும்?

பதில்: தக்கலையில் எங்களுக்கு ஹால்தான். சீனியர் போனில் பேசுவதைக் கேட்டே புதுப் பையன்கள் தொழில் படிக்கிறார்கள், அது பெரிய லாபம். ஃபேன் காற்றில் வவுச்சர் பறக்கும், அதை விடுங்க. கிளையன்ட் வருமானம் பேச ஒரு ரூம் கட்டாயம்.

கண்ணாடி ரூம் போதுமா அண்ணே?

சீலிங் வரை அடைத்தால் போதும்.