இது புக்கிட் தீமாவின் எந்த ரயில் பாலம்? கண்டுபிடிக்க உதவுங்கள்

என் தாத்தா மலாயா ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்தவர். சிங்கப்பூரின் புக்கிட் தீமா பகுதியில் ஓர் இரும்புப் பாலத்தின் மேல் அவர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அது எந்தப் பாலம் என்றுதான் தெரியவில்லை.

புக்கிட் தீமாவில் அப்படி இரண்டு பாலங்கள். ஒன்று ரயில் மால் என்ற கடைவரிசை அருகே அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே. மற்றது 1932-இல் திறந்த பழைய புக்கிட் தீமா நிலையத்துக்குப் பக்கத்தில். 2011 ஜூன் 30-உடன் ரயில் நின்றுபோய், இன்று இரண்டும் 24 கிலோமீட்டர் நடைபாதையின் பகுதிகள்.

படத்தின் பின்புறம் பென்சிலில் ‘பு. தீமா, 1957’ என்று மட்டும் இருக்கிறது. தாத்தாவின் கையில் நீளமான ஸ்பேனர். தோளுக்குப் பின்னால் சாய்ந்த இரும்புச் சட்டம், அதில் இரண்டு வரிசை ரிவெட் (இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணி). பாலத்துக்குக் கீழே இருப்பது படத்தில் விழவில்லை. அது தெரிந்திருந்தால் சாலையை வைத்தே சொல்லிவிடலாம்.

இரண்டு பாலங்களுக்கும் படத்தோடு போய் ஒப்பிட்டேன். சீரமைப்புக்குப் பிறகு நடைதளமும் கைப்பிடியும் மாறியிருப்பதால் பிடிபடவில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் படங்களிலும் தேடிவிட்டேன். அவரோடு வேலை பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை.

படத்தை இணைத்திருக்கிறேன். ரிவெட் வரிசையையோ சட்டத்தின் சாய்வையோ வைத்து, இது எந்தப் பாலம் என்று யாராவது சொல்ல முடியுமா?