ஆட்டோபைலட் விமானியின் மூளையை மழுங்கச் செய்கிறதா?

கடலோடி:
2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் 447. அட்லாண்டிக் மேல் 35,000 அடியில் வேகம் அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிப் படிகங்கள் அடைத்தன, விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. விமானத்தில் வேறு கோளாறு இல்லை. எஞ்சின் விசையையும் மூக்கின் கோணத்தையும் மாற்றாமல் இருந்தாலே போதும். ஓட்டியவர் மூக்கைத் தூக்கினார். இறக்கைகள் தூக்கும் சக்தியை இழக்கும் 'ஸ்டால்' நிலைக்கான எச்சரிக்கை பலமுறை கத்தியும் விமானிகளுக்கு நிலைமை பிடிபடவில்லை. நாலரை நிமிடத்துக்குள் 228 உயிர்கள் போயின. இயந்திரமே ஓட்டிப் பழகினால் மனசு இப்படித்தான் திணறும்.

மாறன்:
ஒரு விபத்தை வைத்து முடிவுகட்டாதீர்கள் நண்பரே. அதிக உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சியே அந்த விமானிகளுக்குத் தரப்படவில்லை என்கிறது 2012இல் வந்த பிரெஞ்சு விசாரணை அறிக்கை. இல்லாத திறமை எப்படி மழுங்கும்? தரை நெருங்கினால் கத்தும் எச்சரிக்கைக் கருவி வந்த பிறகு மலையில் மோதும் விபத்துகள் எவ்வளவு குறைந்தன, அதையும் பாருங்கள்.

கடலோடி:
பயிற்சி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எச்சரிக்கைக் கருவி விமானத்தை ஓட்டுவதில்லை, விமானியை உசுப்புகிறது. அதை ஆட்டோபைலட்டோடு சேர்க்காதீர்கள்.

யாழினி:
ஒன்று சொல்லட்டுமா? நாசாவின் ஸ்டீபன் கேஸ்னர் குழு 16 விமானிகளை தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் போயிங் 747-400 சிமுலேட்டரில் வைத்துச் சோதித்தது. முடிவு 2014இல் வெளியானது. கைப்பழக்கம் கொஞ்சம் துருப்பிடித்திருந்தாலும் பெரும்பாலும் நின்றது. நழுவியது யோசனைதான்: வரைபடத் திரை இல்லாமல் எங்கே இருக்கிறோம் என்று மனசில் வைத்திருப்பது, அடுத்து என்ன செய்வது, எந்தக் கருவி பழுது என்று கண்டுபிடிப்பது. எனக்கு அதைப் படித்தபோது பகீரென்றது. ஆட்டோபைலட் ஓட்டும்போதும் கூடவே யோசித்துக்கொண்டிருப்பதைப் பொறுத்தே அந்தத் திறன் நிற்கும் போலிருக்கிறது என்கிறார்கள்.

மாறன்:
அப்படியென்றால் என் கட்சிதான் சரி. குற்றம் கருவியில் இல்லை, யோசிக்காமல் உட்கார்ந்திருப்பதில்.

கடலோடி:
எட்டு மணி நேரம் ஒன்றுமே நடக்காத திரையைப் பார்த்துக்கொண்டு யாரால் யோசித்துக்கொண்டே இருக்க முடியும்? உட்கார வைத்ததே கருவிதானே? அமெரிக்க விமானத் துறை 2013இல், முடிந்தபோதெல்லாம் கையால் ஓட்ட விடுங்கள் என்று விமான நிறுவனங்களுக்குச் சொன்னது சும்மாவா?

மாறன்:
எங்கே ஓட்டுவது? 29,000 அடியிலிருந்து 41,000 அடி வரை மேலும் கீழுமாகப் பறக்கும் விமானங்களுக்கு நடுவே 1,000 அடிதான் இடைவெளி; அங்கே உயரத்தை ஆட்டோபைலட்தான் பிடித்திருக்க வேண்டும். 447க்குத் தேவைப்பட்ட பழக்கம் அங்கேதான். அதை சிமுலேட்டரில்தான் தர முடியும்.

யாழினி:
சிமுலேட்டரில் கோளாறு வரப்போகிறது என்று தெரிந்தே உட்காருகிறோம் அண்ணா. அட்லாண்டிக் மேல் நள்ளிரவில் அப்படி யாரும் சொல்லிவிட்டு வருவதில்லை.