கறிவேப்பிலைப் புழு வளர்த்தோம், கூட்டிலிருந்து குளவிகள் வந்தன. மகளுக்கு என்ன சொல்வது?

பாளை அம்மா (கேள்வி):

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆளுயரக் கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு புதுத்தளிர் விட்டிருந்தது. ஒருநாள் இலைமேல் குருவி எச்சம் கிடக்கிறதே என்று துடைக்கப் போனேன். அது நகர்ந்தது. அந்த நிமிடத்தில் தொடங்கியதுதான் எல்லாம்.

அத்தை வழக்கமாகப் புழுவைப் பொறுக்கிப் போட்டுவிடுவார். குழம்புக்கு இலை மிஞ்ச வேண்டுமே. நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் கெஞ்சி ஐந்து புழுக்களை மட்டும் வாங்கிக்கொண்டாள். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் கறிவேப்பிலைக் கொத்தை நட்டுவைத்து, மேலே பழைய கொசுவலைத் துணியைக் கட்டினோம். எச்சம் போலிருந்தவை பத்து நாளுக்குள் தோலுரித்துத் தோலுரித்துப் பச்சையாக, என் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்துவிட்டன. இரவில் விளக்கணைத்த பிறகு பெட்டியில் காதை வைத்தால் இலை அறுபடும் மெல்லிய சத்தம் கேட்கும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, கவை போல் ஒன்றை நீட்டும். கூடவே ஒரு காட்டமான வாடை.

ஐந்தில் ஒன்று மிகச் சிறியது. அதைத் தனியாக ஒரு பாட்டிலில் வைத்து, அன்று செடியில் தளிர் இல்லாததால் சந்தையில் வாங்கிய இலையைப் போட்டோம். மறுநாளே சுருண்டு இறந்துவிட்டது. மற்ற நான்கும் கூடு கட்டின. கொத்தின் காம்பில் கட்டிய இரண்டும் பச்சை நிறம், அட்டையில் ஒட்டிய இரண்டும் பழுப்பு. பதினோராம், பன்னிரண்டாம் நாட்களில் மூன்று வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. இரண்டு ஒரே மாதிரி: கறுப்பு, பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசை. மூன்றாவது வேறு ஏதோ இனம் போல இருந்தது. முன்சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள். எல்லாம் ஒரே செடியில் எடுத்த புழுக்கள்தான்.

நான்காவது கூட்டிலிருந்து எதுவுமே வரவில்லை. நேற்று பார்த்தால் அதில் குண்டூசி குத்தியது போல ஓர் ஓட்டை. வலைத்துணியில் எள்ளைவிடச் சிறிய, பச்சைப் பளபளப்புள்ள குளவிகள் ஊர்ந்தன. எண்ணினோம், நாற்பதுக்கு மேல். மகள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள். இலை மாற்றிவிட்டு ஒருநாள் மாலை முழுவதும் வலையைக் கட்ட மறந்தது அவள்தான். “நான்தானே அம்மா கொன்றேன்?” என்கிறாள். குளவி எப்போது, எப்படி உள்ளே போயிற்று? அவளுக்கு நான் என்ன சொல்வது?

திருச்சி மாடித்தோட்டம் (பதில்):

அம்மா, அந்தச் சிறிய புழுவைக் கொன்றது பெரும்பாலும் இலையில் இருந்த பூச்சிமருந்துதான். நானும் இப்படியே ஏழு புழுக்களை ஒரே நாளில் இழந்திருக்கிறேன். சந்தை இலையைக் கழுவிப் போட்டாலும் ஆபத்துதான். மருந்தடிக்காத சொந்தச் செடி இருந்தால் மட்டுமே புழு வளர்க்க இறங்குங்கள். அதைவிட முக்கியம், புழுவை ஒரே நாளில் சுருட்டிய இலைதான் நம் சாம்பாரிலும் விழுகிறது. தண்ணீரில் ஊறவைத்து நன்றாக அலசாமல் சமைக்காதீர்கள்.

கூட்டைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நல்ல கூட்டைக் கோழியிறகு நுனியால் மெல்ல வருடினால் இடுப்பை அசைக்கும். குளவி புகுந்த கூடு சில நாட்களில் விறைத்துப் போய் அசையாது.

கும்பகோணம் விலங்கியல் ஆசிரியர், ஓய்வு (பதில்):

குழந்தையிடம் முதலில் இதைச் சொல்லுங்கள் அம்மா: வலையைக் கட்டியிருந்தாலும் அந்தக் குளவி நுழைந்திருக்கலாம். அதன் உடல் 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் டெரோமாலஸ் வகையாக இருக்க வேண்டும். கூடு கட்டப்போகும் புழுவைக் கண்டுபிடித்து, தாய்க்குளவி அதன் அருகிலேயே காத்துக் கிடக்கும். கடைசித் தோலை உரித்ததும் கூட்டின் மேலோடு கொஞ்ச நேரம் மெத்தென்று இருக்கும். அந்த நேரம் பார்த்து ஊசி போன்ற உறுப்பை இறக்கி முட்டையிட்டுவிடும். மேலோடு இறுகிவிட்டால் அதற்கு வேலை கடினம். அதாவது உங்கள் மகள் பார்த்த நாற்பதும் ஒரு தாய் காத்திருந்து வென்ற கதை. எனக்கு வண்ணத்துப்பூச்சி எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு இந்தக் குளவியையும் பிடிக்கும். கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் புழுக்கள் மொட்டையடித்துவிடாமல் காப்பவற்றில் அதுவும் ஒன்று.

பச்சையும் பழுப்பும் தற்செயல் அல்ல. கூடு கட்டும் முன் புழு அமர்ந்த இடம் வழவழப்பான பசுங்காம்பா, சொரசொரப்பான காய்ந்த பரப்பா என்பதைப் பொறுத்து நிறம் அமையும். அட்டையில் பழுப்பு வந்தது சரிதான்.

அந்தச் சிவப்புப் புள்ளிக்காரியைப் பற்றித்தான் எனக்கு மிகவும் சொல்ல வேண்டும். அது வேறு இனம் அல்ல, மற்ற இரண்டின் உடன்பிறப்பாகவே இருக்கலாம். ஆங்கிலத்தில் காமன் மார்மன் என்பார்கள். இதில் பெண்ணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உருவங்கள் உண்டு. சில ஆணைப் போலவே இருக்கும். சில கிரிம்சன் ரோஸ் என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் வேடம் தரிக்கும். கிரிம்சன் ரோஸின் புழு தின்பது ஆடுதீண்டாப்பாளை. பெயரே சொல்கிறதே, ஆடுகூடத் தொடாத கொடி! அதன் நஞ்சு சிறகு முளைத்த பிறகும் உடலில் தங்கும். ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை நெருங்காது. கறிவேப்பிலை தின்று வளர்ந்த உங்கள் பெண் பூச்சியிடம் அந்த நஞ்சு இல்லை. உடை மட்டும் அதனுடையது. இந்த வேடத்தை டபிள்செக்ஸ் என்ற ஒரே மரபணு தீர்மானிக்கிறது என்று 2014-இல் கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடன் பணியாற்றியவர்களும் நேச்சர் இதழில் எழுதினார்கள். நான் பணி ஓய்வு பெற்ற பிறகு வந்த செய்தி; மாணவர்களுக்குச் சொல்ல முடியாமல் போயிற்றே என்ற வருத்தம் எனக்கு உண்டு. உங்கள் மகளிடம் நீங்கள் சொல்லுங்கள்.

பாளை அம்மா:

ஐயா, உங்கள் பதிலை இரண்டு முறை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆடுதீண்டாப்பாளை என்றதும் அத்தைதான் முதலில் நிமிர்ந்தார். அவர் பிறந்த ஊரில் வயல் வரப்பு வேலியில் அந்தக் கொடி படர்ந்து கிடக்குமாம். பொங்கலுக்குப் போகும்போது காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

காலிக் கூட்டை மகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நோட்டில் ஓட்டையோடு வரைந்திருக்கிறாள். பக்கத்தில் குளவியின் படம், அதன் கீழே “அம்மா குளவி”. இன்று பள்ளி விட்டு வந்ததும் செடியிலேயே கட்டியிருந்த இன்னொரு கூட்டைக் கண்டுபிடித்தாள். கோழியிறகுக்கு எங்கே போவது, புறா இறகால் வருடினோம். அசைந்தது. பெட்டிக்குள் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றாள்.