குவெஸ்ட் 2: லேப்டாப்பில் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது, படம் வரவில்லை

அரைத்தூக்கம்:
வணக்கம். சித்தப்பா பையன் வைத்திருந்த குவெஸ்ட் 2, அதாவது மெட்டாவின் மெய்நிகர் (விஆர்) ஹெட்செட், போன வாரம் என் கைக்கு வந்தது. பெட்டியும் இல்லை, கேபிளும் இல்லை. ஹெட்செட்டிலேயே ஓடும் விளையாட்டுகளில் பிரச்சினை இல்லை. கணினியில் ஓடி ஹெட்செட்டில் தெரியும் ஸ்டீம் விஆர் விளையாட்டுகளைத்தான் ஓட்ட முடியவில்லை. லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் சிப் ஆர்டிஎக்ஸ் 3050, அதன் நினைவகம் 4 ஜிபி. போன் சார்ஜர் கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, அவ்வளவுதான். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இருக்கிறதே என்று 900 ரூபாய்க்கு எச்டிஎம்ஐ–டைப் சி கன்வெர்டர் ஒன்றும் வாங்கிவிட்டேன். அதிலும் இருட்டுதான். கன்வெர்டர் போலியா, ஹெட்செட் போய்விட்டதா?

கம்பிவேலி:
இரண்டும் இல்லை. கன்வெர்டரைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள்.

குவெஸ்ட் 2 மானிட்டர் மாதிரி நேரடியாகப் படத்தை வாங்காது. லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் சிப் ஒவ்வொரு காட்சியையும் வீடியோவாகச் சுருக்கி, சாதாரண டேட்டாவாக அனுப்பும். ஹெட்செட் அதை விரித்துக் காட்டும். அதனால் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் எதற்கும் இங்கே வேலை இல்லை. யூஎஸ்பி அல்லது வைஃபை, இரண்டே வழி. 2019இல் வந்த ரிஃப்ட் எஸ் என்ற பழைய ஹெட்செட்டின் கதை வேறு, அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் கட்டாயம். எச்டிசியின் முதல் வைவ் ஹெட்செட்டுக்கு எச்டிஎம்ஐ. அந்தக் காலத்து ஆலோசனைகளைப் படித்துத்தான் பலரும் கன்வெர்டர் வாங்குகிறார்கள். என் மேசை டிராயரிலும் ஒன்று தூங்குகிறது.

ஹெட்செட்டைக் கணினியோடு இணைக்கும் மெட்டாவின் லிங்க் மென்பொருளை லேப்டாப்பில் போட்டீர்களா? கேபிளைச் செருகியதும் ஹெட்செட்டுக்குள் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வருமே, அதில் என்ன அழுத்தினீர்கள்?

அரைத்தூக்கம்:
மென்பொருள் போடவே இல்லை அண்ணே, ஸ்டீம் மட்டும் போதும் என்று நினைத்தேன். அனுமதிப் பெட்டியை ஒவ்வொரு முறையும் மூடிவிட்டேன். வைரஸ் பயம்.

இப்போது போட்டுவிட்டேன். லேப்டாப் ஹெட்செட்டைக் கண்டுகொண்டது! ஆனால் உள்ளே கறுப்புத் திரையில் மூன்று புள்ளிகள் மட்டும் ஓடுகின்றன.

மழைக்காலத்தவள்:
லேப்டாப்களில் இதை நிறையப் பார்க்கிறோம். உங்களிடம் இரண்டு கிராஃபிக்ஸ் சிப்கள் இருக்கும், பிராசசரோடு வரும் சின்னது ஒன்று, ஆர்டிஎக்ஸ் ஒன்று. விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று வேலையைச் சின்னதிடம் தள்ளியிருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராஃபிக்ஸ். அங்கே லிங்க் மென்பொருளையும் ஸ்டீம் விஆரையும் சேர்த்து, அதிகச் செயல்திறன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பின் சார்ஜரும் செருகியே இருக்கட்டும், பேட்டரியில் ஓடும்போது ஆர்டிஎக்ஸ் பாதி வேகம்கூடக் காட்டாது. அப்புறம் ஒரு முறை ரீஸ்டார்ட்.

அரைத்தூக்கம்:
படம் வந்துவிட்டது அக்கா! ஆனால் தலையைத் திருப்பினால் ஓரங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. அரை மணி நேரம் விளையாடினால், கேபிள் செருகியிருந்தும் ஹெட்செட்டில் சார்ஜ் இறங்குகிறது. துளை பழுதா?

கம்பிவேலி:
சார்ஜ் இறங்குவது பழுது இல்லை. சாதாரண யூஎஸ்பி 3 துளை தரக்கூடியது 4.5 வாட் அளவுதான். ஹெட்செட் தின்பது அதைவிட அதிகம். கேபிள் இருப்பதால் மெதுவாக இறங்குகிறது, அவ்வளவே.

கட்டம் கட்டமாக உடைவது கேபிள் வேலை. லிங்க் மென்பொருளில் சாதனங்கள் பக்கத்தில் கேபிளைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. என்ன எண் காட்டுகிறது?

அரைத்தூக்கம்:
0.34 ஜிபிபிஎஸ்.

கம்பிவேலி:
நினைத்தேன். போன் சார்ஜர் கேபிள்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி 2 ரகம், உச்சமே 480 எம்பிபிஎஸ், அதாவது 0.48 ஜிபிபிஎஸ். 2020க்குப் பிறகு லிங்க் அதிலும் ஓடும், ஆனால் படத்தை அதிகம் சுருக்க வேண்டியிருக்கும். டேட்டா வேகம் 5 ஜிபிபிஎஸ் என்று எழுதிய யூஎஸ்பி 3 கேபிள் வாங்குங்கள். ‘60 வாட்’, ‘100 வாட்’ என்று உறையில் பெரிதாகப் போட்டிருப்பது சார்ஜ் வேகம், அதில் ஏமாறாதீர்கள். 3 மீட்டருக்கு மேல் போனால் கண்டதை வாங்காதீர்கள், நீளம் கூடக்கூட சிக்னல் படுத்துவிடும். மெட்டாவின் சொந்தக் கேபிள் 5 மீட்டர், ஆனால் அது ஒளியிழைக் கேபிள், விலையும் அப்படி.

மழைக்காலத்தவள்:
கேபிளுக்குச் செலவழிக்கும் முன் வைஃபையை முயன்று பாருங்களேன். குவெஸ்ட் 2இல் கேபிள் இல்லாமல் வைஃபையில் படம் வாங்கும் ஏர் லிங்க் இருக்கிறது, அதே வேலையைச் செய்யும் ஸ்டீம் லிங்க் செயலியும் இலவசம். ஒரே நிபந்தனை, ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு லேன் வயர் போக வேண்டும். லேப்டாப், ஹெட்செட் இரண்டும் வைஃபையில் இருந்தால் ஒரே காட்சி காற்றில் இரண்டு முறை பயணம் செய்யும், பிறகு திக்கத்தான் செய்யும். ஹெட்செட் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கட்டும், ரவுட்டர் அதே அறையில் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் ஆர்டிஎக்ஸில் 4 ஜிபிதான் என்பதால் ஸ்டீம் விஆரில் ரெசல்யூஷனைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேபிளும் அதைச் சரிசெய்யாது.

அரைத்தூக்கம்:
வீட்டில் சும்மா கிடந்த லேன் வயரை ரவுட்டரிலிருந்து இழுத்துவிட்டேன். ஹெட்செட் 2.4இல் இருந்தது, 5க்கு மாற்றினேன். கட்டங்கள் போய்விட்டன! கேபிள் வாங்கப் போவதில்லை. கன்வெர்டரைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

கடைசியாக ஒன்று. கண்ணாடி போடுபவன் நான். போட்டுக்கொண்டே மாட்டினால் லென்ஸில் உரசுகிறது, கழற்றினால் எழுத்து மங்கல்.

மழைக்காலத்தவள்:
உரச விடாதீர்கள், உள்ளே இருப்பது பிளாஸ்டிக் லென்ஸ், கீறினால் கீறியதுதான். புதுப்பெட்டியில் கண்ணாடிக்காரர்களுக்கென்று ஒரு ஸ்பேசர் வளையம் வரும், தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். லென்ஸ்களைக் கையால் பிடித்து நகர்த்தினால் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று இடங்களில் நிற்கும், உங்கள் கண் இடைவெளிக்கு எது பொருந்துகிறதோ அதில் வையுங்கள். பிறகு, ஹெட்செட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். லென்ஸ் வழியாக வெயில் விழுந்தால் உள்ளே திரையில் பொட்டு விழுந்துவிடும்.

அரைத்தூக்கம்:
ஸ்பேசர் அவன் வீட்டுப் பரணில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துவருகிறேன்.