சர்க்கரை இல்லாத பழங்கால ஆப்பிள் பை: அடிமாவு களியாகிவிடுவது ஏன்?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் 1381ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஆப்பிள் பை ஒன்றை, வரலாற்றுப் பாடத்தில் ஆர்வம் கொண்ட என் மகளுக்காக வீட்டில் செய்துபார்க்கிறேன். குறிப்பு மிகச் சிறியது: நல்ல ஆப்பிள், நல்ல வாசனைப் பொருட்கள், அத்தி, உலர்திராட்சை, பேரிக்காய் ஆகியவற்றை நன்றாக இடித்து, குங்குமப்பூவால் நிறமேற்றி, மாவுக்கூட்டில் வைத்துச் சுட வேண்டும். அளவும் இல்லை, சர்க்கரையும் இல்லை. நான் அரைக் கிலோ ஆப்பிள், கால் கிலோ ஊட்டிப் பேரிக்காய், அத்தியும் திராட்சையும் தலா 100 கிராம் எடுத்து, உலர்பழங்களை வெந்நீரில் ஊறவைத்து, எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்து நிரப்பி, 180 டிகிரியில் 40 நிமிடம் சுட்டேன். மேல்மாவு பொன்னிறமானது, அடிமாவோ இரண்டு முறையும் களியாகிவிட்டது. இனிப்பும் போதவில்லை. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை சேர்க்கலாமா?

பதில் (பொள்ளாச்சி)

உலர்பழங்களை ஊறவைத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆப்பிளும் பேரிக்காயும் சூட்டில் விடும் சாற்றை உறிஞ்சிக்கொள்ள வேண்டியவை அத்தியும் திராட்சையும்தான். அவற்றுக்கு முன்பே வயிறு நிறையத் தண்ணீர் கொடுத்துவிட்டால், பழச்சாறு மாவில் இறங்காமல் வேறு எங்கே போகும்? அவற்றை உலர்ந்தபடியே பொடியாக நறுக்குங்கள். மிக்ஸியும் வேண்டாம். குறிப்பு இடிக்கத்தான் சொல்கிறது. உரலில் ஒன்றிரண்டாக இடித்தால் சாறு அவ்வளவு பிரியாது. ஊட்டிப் பேரிக்காய் கெட்டியாக இருப்பதால் அதைத் துருவி, ஆப்பிளோடு அடிகனமான பாத்திரத்தில் பத்து நிமிடம் மூடாமல் வதக்கி, ஆறவைத்து, அதன்பிறகு மற்றவற்றைச் சேருங்கள். பை வைத்த தட்டை ஓவனின் கீழ்த்தட்டில் வைப்பது மிக முக்கியம்.

பதில் (திருப்பூர்)

என்னிடம் ஓவன் இல்லை. கனமான அலுமினியப் பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடி, பத்து நிமிடம் சூடேற்றியபின் உள்ளே தாங்கி வைத்துச் சுடுவேன். சூடு கீழிருந்து வருவதால் அடிமாவு நன்றாக வெந்துவிடுகிறது. மேலே மட்டும் நிறம் குறைவாக இருக்கும்.

பதில் (பழனி)

அம்மணி, சர்க்கரை சேர்க்காதீர்கள். அன்றைய இங்கிலாந்தில் சர்க்கரை தொலைவிலிருந்து வந்த விலையுயர்ந்த பொருள். பழங்களின் இனிப்பே அந்தப் பண்டத்தின் இனிப்பு. எங்கள் ஊர்ப் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடிச் சர்க்கரை உயிர் போன்றது, ஆனால் இந்தப் பையில் அது சேர்ந்தால் உங்கள் மகள் சுவைப்பது வேறொரு பண்டமாகிவிடும். இனிப்பு வேண்டுமானால் அத்தியை 150 கிராமாகக் கூட்டுங்கள். வாசனைப் பொருட்களின் பெயர் குறிப்பில் இல்லாததால் பட்டை, சுக்கு, கிராம்பு ஆகியவற்றோடு ஒரு சிட்டிகை மிளகும் சேர்க்கலாம். அக்காலத்தில் நம் மேற்கு மலைச்சரிவின் மிளகு ஐரோப்பியச் சமையலறைகள் வரை சென்றிருந்தது என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை, ஊறவைக்காத அத்தி 150 கிராமுடன், உரலில் இடித்து, கீழ்த்தட்டில் 50 நிமிடம் சுட்டேன். அடிமாவு கத்தி வைத்தால் நொறுங்கும் அளவுக்கு வெந்திருந்தது. சூடாக இருக்கும்போது மட்டாகத் தெரிந்த இனிப்பு மறுநாள் காலையில் நன்றாகக் கூடியிருந்தது. மிளகை அடுத்த முறை இன்னும் சற்றுத் தாராளமாகப் போட வேண்டும் என்கிறாள் மகள்.