ஜார்ஜ் டவுனில் ஆடியோ டூர் ஏன் பாதியில் தடுமாறுகிறது?

ராகவி_திருச்சி

பிப்ரவரியில் அம்மா அப்பாவோடு பினாங்கு போகிறோம். ஜார்ஜ் டவுன் பழைய நகரத்தை கைடு இல்லாமல், போனில் ஆடியோ டூர் போட்டுக்கொண்டு நடந்தே பார்க்கத் திட்டம். எடுத்து வைத்திருப்பது ஆங்கில டூர்: 90 நிமிட ஒலி, ஜிபிஎஸ் பார்த்துத் தானாக ஓடும் வகை. இந்த வகை டூர்களின் விமர்சனங்களில் "பாதியில் நின்றுவிட்டது", "ஒரு தெரு தள்ளிப் பேசுகிறது" என்ற புகார்தான் அதிகம். இது போனின் கோளாறா, ஊரின் கோளாறா? மூன்று பேரும் சேர்ந்து கேட்க என்ன வழி? அரை நாள்தான் கையில் இருக்கிறது, எந்த வரிசையில் நடக்கலாம்? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

கம்பிச்செவி

கோளாறு இரண்டிலும் இருக்கிறது. முதலில் ஊர். அங்கே பழைய கடைவீடுகளின் முன்னால் காக்கி லீமா என்ற ஐந்தடி நடைபாதை உண்டு. அதற்கு மேலே வீட்டின் மாடி வந்துவிடும். வெயிலுக்கு அருமை, ஜிபிஎஸ்-க்கு எமன். தலைக்கு மேல் வானம் மறைந்திருக்க, சிக்னல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. அதனால் வரைபடத்தில் உங்கள் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். ஒவ்வொரு நிறுத்தத்தைச் சுற்றியும் செயலி ஒரு சின்ன வட்டம் போட்டு வைத்திருக்கும். புள்ளி அதற்குள் வந்தால்தான் அந்தக் கதை ஓடும். புள்ளி தாவினால் ஒன்று ஓடாது, அல்லது அடுத்த தெருக் கதை முந்திக்கொள்ளும். நிறுத்தம் நெருங்கும்போது நடைபாதையை விட்டு வெளியே வந்து, தெருவோரத்தில் அரை நிமிடம் நின்றால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பாதியில் நிற்பது போனின் வேலை. ஆண்ட்ராய்டில் திரை அணைந்ததும் பேட்டரி சேமிப்பு அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். இருப்பிட அனுமதியில் துல்லிய இருப்பிடம் இயங்க வேண்டும். போனின் பொதுவான பவர் சேவர் அணைந்திருக்க வேண்டும். மூன்றையும் விடுதியை விட்டுக் கிளம்பும் முன் பாருங்கள். சில போன்களில் சார்ஜ் குறைந்ததும் பவர் சேவர் தானாக வந்துவிடும், அதனால் பவர் பேங்க் அவசியம்.

ஒலியையும் வரைபடத்தையும் விடுதி வைஃபையிலேயே முழுக்க இறக்கிவிடுங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, உங்கள் டூர் 100 எம்பி-கூட வராது. டேட்டா இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் முதல் தடவை இடம் பிடிக்கச் சில நிமிடம் எடுக்கும், அதைத் திறந்த வெளியில் நின்று முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேர் மூன்று போனில் தானியங்கி முறையில் கேட்டால், ஒவ்வொன்றும் வெவ்வேறு நொடியில் தொடங்கும். அம்மா சிரிக்கும்போது அப்பா "என்ன, என்ன?" என்பார். மூன்றிலும் கைமுறைக்கு மாற்றி, நிறுத்த எண்ணைச் சொல்லி ஒன்றாக அழுத்துவதுதான் வழி. ஒரே போன் என்றால் கம்பி இயர்போனும் 3.5 மிமீ பிரிப்பானும் போதும். போனில் துளை இல்லையென்றால் யூஎஸ்பி-சி மாற்றி ஒன்று. எப்படியானாலும் ஒரு காதைத் திறந்தே வையுங்கள், மோட்டார் சைக்கிள் பின்னாலிருந்து வரும்.

பட்டர்வொர்த்_பாதை

வரிசைக்கு வருகிறேன். வடக்கிலிருந்து தெற்கே நடந்து, கிழக்கே கடலில் முடிப்பதுதான் நல்லது. தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டரை கிலோமீட்டருக்குள் அடங்கும். ஆனாலும் 90 நிமிட ஒலியை 90 நிமிடத்தில் முடிக்க நினைக்காதீர்கள். நின்று பார்த்து, செருப்பைக் கழற்றி மாட்டி, தண்ணீர் குடித்து நடக்க மூன்றரை மணி நேரம் ஆகும்.

காலை 8:15-க்கு எஸ்பிளனேடு திடலில் தொடங்குங்கள். 1786-ல் பினாங்கில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் இறங்கிய முனை இது. கார்ன்வாலிஸ் கோட்டையை வெளியிலிருந்து பார்த்தால் போதும். உள்ளே போகக் கட்டணம் உண்டு, அரை நாள்காரர்களுக்கு அது வீண் என்பது என் கருத்து. அங்கிருந்து லெபோ ஃபார்குவார் தெருவில் (மலாயில் லெபோ என்றால் தெரு, ஜாலான் என்றால் சாலை) செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1818-ல் கட்டியது. பிறகு தெற்கே திரும்பினால் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். ஆடியோ இதை "பிட் ஸ்ட்ரீட்" என்று சொல்லலாம், இரண்டும் ஒரே தெரு. குவான் யின் சீனக் கோயிலும் தமிழர் கோயிலும் பள்ளிவாசலும் இந்த ஒரே வரிசையில்தான் வருகின்றன.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு 10 மணி வாக்கில் போய்ச் சேருங்கள். தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள், வெள்ளிக்கிழமை நண்பகல் அறவே கூடாது. தோளும் காலும் மூடிய உடை வேண்டும், அங்கேயே மேலங்கியும் தருவார்கள். 1801-ல் தொடங்கிய பள்ளிவாசல் இது. இன்று காணும் மொகலாயப் பாணிக் குவிமாடங்கள் பின்னாளில் வந்தவை. ஆடியோவில் ஆண்டைக் கேட்டுவிட்டுக் குவிமாடத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அப்புறம் லெபோ கேனன் வழியாகக் கூ கொங்சி. 1901-ல் எரிந்துபோய், 1906-ல் மீண்டும் கட்டி முடித்த, கூ என்ற சீனக் குலத்தாரின் மன்றம். கட்டணம் உண்டு, அது தகும். அங்கே ஆடியோவை அணைத்துவிட்டுக் கூரையின் வேலைப்பாட்டை நிதானமாகப் பாருங்கள். லெபோ ஆர்மீனியனில் 2012-ல் எர்னெஸ்ட் ஜகாரெவிச் வரைந்த சைக்கிள் சிறுவர்கள் சுவரோவியம் இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் சுவரோவியங்கள் மங்கிக்கொண்டே போகும். பழைய ஆடியோ விவரிக்கும் சில ஓவியங்கள் சுவரில் இல்லாமலே போயிருக்கலாம். தேடி நேரத்தைப் போக்காமல் அடுத்ததுக்குத் தாவுங்கள்.

கடைசியாகக் கிழக்கே வெல்ட் கீ கரையில் சியூ என்ற சீனக் குலத்தாரின் குலத் துறை, கடல்மேல் கம்பம் நட்டுக் கட்டிய வீடுகள். வழியில் பீச் ஸ்ட்ரீட் வரும், பெயர்தான் பீச், கடலைக் காணோம். 1880-களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ போட்டதால் கரை தள்ளிப்போனது. ஆடியோ "கடற்கரைத் தெரு" என்றதும் கிழக்கே ஓடிவிடாதீர்கள்.

முழங்கால் விஷயம்: ஐந்தடி நடைபாதை ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு உயரம். படி ஏறி இறங்க வேண்டும், நடுவே வண்டியும் சரக்கும் நிற்கும், ஓரத்தில் திறந்த சாக்கடை. அப்பாவுக்குக் கைத்தடி இருந்தால் எடுத்து வாருங்கள். முடியாத இடத்தில் கிராப் செயலியில் கார் கூப்பிடலாம். இலவச கேட் பேருந்தும் பழைய நகரைச் சுற்றுகிறது.

மரைக்கார்_தெரு

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். மகாமாரியம்மன் கோயில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்கில் இருக்கிறது என்று நம்பி நடந்தால், அங்கே தெரிவது கோயிலின் பின்புறம்தான். ராஜகோபுரமும் வாசலும் லெபோ குயின் பக்கம். ஜிபிஎஸ் டூர் சொதப்பும் இடமும் இதுதான். பின்புறம் போனாலே வட்டத்துக்குள் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு கோபுரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும். குவான் யின் கோயிலைப் பார்த்ததும் லெபோ குயினுக்கு மாறி, அதன் வழியே தெற்கே நடங்கள். 1833-ல் எழுந்த கோயில். காலையிலும் மாலையிலும்தான் நடை திறந்திருக்கும், நண்பகலில் போனால் பூட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

ஆங்கில டூர்கள் வழக்கமாக "லிட்டில் இந்தியா, பூ, மசாலா வாசனை" என்று இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். நம்மவர்கள் அப்படிப் போகக்கூடாது. லெபோ குயின் தெற்கே லெபோ சூலியாவில் முட்டும். இடப்பக்கம் அடுத்த மூலை, லெபோ கிங் சந்திப்பில் நாகூர் தர்கா ஷரீஃப். நம் நாகூர் ஆண்டவர் நினைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. சின்னக் கட்டடம், கண்ணில் படாமல் போகும். வலப்பக்கம் திரும்பினால் பள்ளிவாசல். அதைத் தொடங்கிய காதர் முகைதீன் தென்னிந்திய முஸ்லிம்களின் கப்பித்தானாக, அதாவது தலைவராக, இருந்தவர். அதாவது கோயில், தர்கா, பள்ளிவாசல் மூன்றும் ஐந்து நிமிட நடைக்குள். இந்தப் பகுதிக்கு ஆடியோவை நிறுத்திவிடுங்கள். கடைக்காரர்களிடம் தமிழிலேயே கேட்கலாம்.

பிப்ரவரி என்றதால் இன்னொன்று. உங்கள் தேதி தைப்பூசத்தோடு மோதுகிறதா பாருங்கள். முதல் நாள் வெள்ளி ரதம் லெபோ பினாங்கிலுள்ள கோவில் வீட்டிலிருந்து கிளம்பும், தெருக்களை மூடுவார்கள். அன்று ஆடியோ டூர் எதுவும் நடக்காது. ரதத்தோடு நடப்பதுதான் உத்தமம்.

ராகவி_திருச்சி

லெபோ குயின் விஷயம் நல்லவேளை தெரிந்தது. தைப்பூசம் மோதவில்லை. கைமுறைக்கு மாற்றினால் எந்த நிறுத்தம் எங்கே என்று எப்படித் தெரியும்? செயலியில் எண் மட்டும்தான் இருக்கிறது.

கம்பிச்செவி

முதல் நாள் இரவே விடுதியில் ஒருமுறை கேளுங்கள். இத்தகைய செயலிகள் பலவற்றில் வீட்டிலிருந்தே கேட்கும் முறை உண்டு. கேட்டுக்கொண்டே ஒரு தாளில் எண், இடத்தின் பெயர், தெருவின் மலாய்ப் பெயர் மூன்றையும் எழுதுங்கள். தெருப் பலகையில் மலாய்ப் பெயர்தான் பெரிதாக இருக்கும். "இப்போது இடப்பக்கம் திரும்புங்கள்" என்று வரும் இடங்களில் கோடு போட்டு வையுங்கள். நீங்கள் வரிசையை மாற்றி நடப்பதால் அந்த வாக்கியங்கள் உங்களைத் தவறான பக்கம் அனுப்பும். அவற்றை மட்டும் கேட்காததுபோல் விட்டுவிடலாம்.

பட்டர்வொர்த்_பாதை

குலத் துறையில் ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள், அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். வீட்டுக்குள் எட்டிப் படமும் வேண்டாம். பலகைப் பாதையில் சில இடங்களில் கைப்பிடி கிடையாது. அப்பாவை நடுவில் விட்டு நடங்கள்.